கால்சியத்துக்கு உயிர்ச் சான்று

செத்துப்போனதைச் செத்துப்போனது என்று சொல்ல நம் அரசாங்கத்தில் தனி ஆளுக்கு அதிகாரம் கிடையாது. மனிதன் என்றால் டாக்டர் சொல்ல வேண்டும். மாடு என்றால் மாட்டு டாக்டர் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து ரசாயனம் என்றால் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. வேதியியல் ஆசிரியர் கைலாசத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மனுஷன் வாயை மூடிக்கொண்டு பாடத்தை நடத்திவிட்டுப் போயிருப்பார்.

மேல்நிலை வகுப்புகள் வந்த புதிது. மல்லசமுத்திரத்துக்கு அந்தாண்டை, நிலக்கடலைக் காட்டுக்கு நடுவில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியைப் பெயர்ப்பலகையில் ஒரு சொல்லை மாற்றி மேல்நிலைப் பள்ளி ஆக்கினார்கள். சைக்கிள் கொட்டகைக்குக் கதவு வைத்து ஆய்வகம் ஆக்கினார்கள். ஏதோ ஒரு திட்டத்தில் எப்போதோ வந்து மூலையில் கிடந்த பாட்டில்களைத் துடைத்து அலமாரியில் அடுக்கினார்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கைலாசத்தைப் பிடித்து வந்து அலமாரிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதோடு விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது.

கைலாசத்திடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிள்ளைகள் தங்கள் கையாலேயே சோதனை செய்ய வேண்டும், கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்பார். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் எல்லாம், பிப்ரவரியில் பார்க்கப் போவதை ஜூன் மாதமே ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் எழுதி முடித்துவிடுவார்கள். கைலாசம் அதைப் பாவம் என்று நினைத்தார். சம்பளம் வாங்கும் ஒருவர் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவர் பேச்சை அப்படியே நம்பியவள் பழனியம்மாள். கூலிக்காரர் மயில்சாமியின் மகள். பேரியம் உப்பைத் தீயில் காட்டினால் சுடர் ஆப்பிள் பச்சையாக எரியும் என்று புத்தகம் சொன்னது. அவள், "கம்புப் பயிர் முளைத்து வரும்போது இருக்கிற பச்சை. ஆப்பிள் நான் பார்த்ததெல்லாம் சிவப்பு" என்று எழுதி வைத்திருந்தாள். கைலாசம் முழு மதிப்பெண் போட்டார். மயில்சாமி ஒருநாள் பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஒருக்காத்தானுங்க சார். பாஸாயிட்டா சேலத்துக் காலேஜுல சேத்தியுடறேன். பெயிலாயிட்டா மறுக்காப் பரிச்சை கட்டறதுக்கெல்லாம் நம்மளால ஆவாதுங்க. எங்கூட மம்பட்டி புடிக்க வேண்டியதுதானுங்க."

செய்முறைத் தேர்வில் தவறினாலும் தவறியதுதான் என்பது அரசாங்க விதி. மயில்சாமிக்கு அது தெரியாது. கைலாசத்துக்குத் தெரியும். அதனால் அவருக்குத்தான் தூக்கம் கெட்டது.

கார மண் உலோகங்கள் பாடம் வந்தது. கைலாசம் ஒரு பெரிய அட்டையில் பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ரேடியம் என்று மேலிருந்து கீழாக எழுதிச் சுவரில் மாட்டினார்.

"எல்லாத்துக்கும் வெளிவட்டத்துல ரெண்டு எலக்ட்ரான். மேல இருக்கிறது சின்ன அணு. கட்டுத்தறிக்கு ஒட்டிக் கட்டின மாடு மாதிரி, எலக்ட்ரான் அவுத்துக்கிட்டு ஓடாது. கீழ வர வர அணு பெருசாவுது, கயிறு நீளமாவுது, பிடி தளருது. அதனால கீழ போகப் போக வேகம் அதிகம். பெரிலியத்து மேல நீராவியே பட்டாலும் அசையாது. மெக்னீசியத்துக்குச் சுடுதண்ணி வேணும். கால்சியத்துக்குப் பச்சைத் தண்ணியே போதும், குமிழி குமிழியா ஹைட்ரஜன் வரும். பேரியம் இன்னும் துள்ளும்."

சொல்லிவிட்டுக் கால்சியம் பாட்டிலைத் திறந்தார். உள்ளே உலோகம் இல்லை. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருந்தது. காற்றுப் பட்டுப் பட்டு எந்தக் காலத்திலோ முடிந்துபோன கதை. தண்ணீரில் போட்டார்கள். தண்ணீர் வெளுத்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். கிழட்டு எருது மாதிரி அது படுத்தே கிடந்தது.

பழனியம்மாள் எழுதினாள்: "தண்ணீர் வெள்ளையானது. வேறு ஒன்றும் நடக்கவில்லை."

அவள் எழுதியது உண்மை. அதையே தேர்வில் எழுதினால் பெயில் என்பதும் உண்மை. தேர்வுக்குள் ஒரு புதுப் பாட்டில் வாங்கியே தீர வேண்டும் என்று கைலாசம் தலைமையாசிரியர் குழந்தைவேலிடம் போனார். அவர் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"கால்சியம் செத்துப்போச்சுங்க சார்."

"அடடா, எப்பங்க?" என்றார் குழந்தைவேல். பிறகு விஷயம் புரிந்து, "அதை நீங்க சொல்லப்படாதுங்க வாத்தியாரே. சேலத்து அஸ்தம்பட்டியில அதுக்குன்னு குழு இருக்குது. அவிய வந்து பாத்துச் செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் புதுசு வாங்கலாம். உசுரோட இருக்கறப்பவே இன்னொண்ணு வாங்குனா ரெண்டாந்தாரம் கட்டுன மாதிரி ஆயிப்போயிருமுங்க" என்றார்.

ஆய்வகப் பொருள் உயிர்நிலை ஆய்வு மற்றும் செயலிழப்புச் சான்றுக் குழு என்பது அதன் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உயிரோடு இருக்கும் பொருளும் செத்துவிடும். கால்சியம் செத்துப்போனதாகக் கைலாசம் குழுவுக்கு எழுதிப் போட்டார். குழு வருகிறது என்று தகவல் வந்ததும் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. காளவாயிலிருந்து வண்டி நிறையச் சுண்ணாம்புக் கல் இறங்கியது. பீப்பாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கொதித்து அடங்கியதும் சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பூந்தொட்டிகளும் கொஞ்சம் பையன்களும் இரவலாக வந்து சேர்ந்தார்கள். அதிகாரியின் கண்ணில் குறைந்த பாத்திரம் எதுவும் படக்கூடாது என்பது குழந்தைவேலின் கொள்கை. குடிதண்ணீர்ப் பானை, மைக்கூடு, வகுப்பறை எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். போன முறை தீயணைக்கும் வாளியில் மணல் குறைந்திருந்ததற்காக ஒரு மாதம் புலம்பியவர் அவர்.

குழு ஜீப்பில் வந்தது. குழு என்றால் இரண்டு பேர். அலுவலர் தீர்த்தகிரி, அவருடைய கண்காணிப்பாளர் வெங்கடாசலம். இளநீர் வெட்டினார்கள். அவித்த கடலை வந்தது. வயிறு நிறைந்ததும் தீர்த்தகிரி சுவர் அட்டையைப் பார்த்து, "இது என்ன குடும்ப அட்டையா?" என்றார். கைலாசம் பயபக்தியோடு விளக்கினார். தீர்த்தகிரி உண்மையிலேயே ஆர்வமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அருமை, அருமை. இது எங்க ஆபீஸே தான் கைலாசம்! நான்தான் பெரிலியம். உச்சியில இருக்கேன். இருபது வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ பேர் வந்து கொதிச்சிருக்காங்க, ஆவியா சீறியிருக்காங்க. நான் ஒருதடவை அசைஞ்சிருப்பேனா? நம்ம வெங்கடாசலம் மெக்னீசியம். பச்சைத் தண்ணிக்கு நகர மாட்டார். சூடா காபி உள்ளே போனா மெதுவா ஃபைலைத் தொடுவார். கிளார்க் கால்சியம், பச்சைத் தண்ணி குடுத்தாலே பொங்கி வேலை செய்வான். டிரைவர் பேரியம். அவனை எப்பவும் எண்ணெய்க்குள்ள முக்கி வைக்கணும்னு நீங்க சொல்றீங்க. அவனே தினம் ஏதோ ஒண்ணுல முங்கித்தான் இருக்கான்."

வெங்கடாசலம் சிரித்தார். உடனே குழந்தைவேலும் சிரித்தார். இரவல் பையன்களும் சிரித்தார்கள்.

"அப்ப ரேடியம் யாருங்க ஐயா?" என்று குழந்தைவேல் எடுத்துக் கொடுத்தார்.

தீர்த்தகிரி அன்போடு கைலாசத்தின் தோளில் கை வைத்தார். "வாத்தியார்தான். யாரும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை. தானாவே தேஞ்சு போயிடுவார்."

பிறகு வேலை தொடங்கியது. ஆய்வக உதவியாளர் வீரன் கால்சியம் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கைலாசத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் அடியில் மட்டும் தூள் ஒட்டிக் கிடந்த பாட்டில் இன்று கழுத்துவரை நிறைந்திருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். அவர் வாய் திறப்பதற்குள் வெங்கடாசலம் ஒரு கட்டியைக் கண்ணாடிக் குவளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு கட்டி வெடித்துப் பிளந்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பித் தண்ணீர் கொதித்தது. குவளையைத் தொட்ட வெங்கடாசலம் கையை உதறினார்.

"செத்துப்போச்சுன்னு எழுதினீங்களே!" என்றார் தீர்த்தகிரி. "இவ்வளவு உயிரோட ஒரு பொருளை நான் எங்க ஆபீஸ்லயே பாத்ததில்லையே!"

"ஐயா, இது ஹைட்ரஜன் இல்லீங்க, வெறும் நீராவி. ஹைட்ரஜன்னா தீக்குச்சி காட்டினா 'டப்'புனு சத்தம் வரும்" என்று கைலாசம் ஒரு குச்சியைக் கொளுத்திக் காட்டினார். ஆவி பட்டுக் குச்சி அணைந்தது. சத்தம் வரவில்லை.

"சத்தம் வரணும்னு எந்த ஆணையிலயும் இல்லை. அமைதியா வேலை செய்யறதைக் குத்தம் சொல்லலாமா? உயிரோடு இருக்கிறது. எழுதுங்க வெங்கடாசலம்."

அடுத்து மெக்னீசியம். அந்த நாடாச் சுருள் ஒன்றுதான் அந்த ஆய்வகத்திலேயே உருப்படியான பொருள். சுரண்டினால் வெள்ளியாக மின்னும். வெங்கடாசலம் ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரில் போட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"இது போயிடுச்சு" என்றார் தீர்த்தகிரி வருத்தத்தோடு.

"இல்லீங்க ஐயா! மெக்னீசியம் பச்சைத் தண்ணியில அப்படித்தான் இருக்கும். அட்டையில அது மேல இருக்குதுங்களே. சுடுதண்ணியில போட்டுப் பாருங்க."

தீர்த்தகிரி நிமிர்ந்தார். அவர் குரலில் அரசியல் சட்டமே பேசியது. "கால்சியத்துக்குப் பச்சைத் தண்ணி, மெக்னீசியத்துக்குச் சுடுதண்ணியா? கைலாசம், அரசாங்கத்துக்கு எல்லாத் தனிமமும் ஒண்ணுதான். மேல இருக்கிறவனுக்கு ஒரு சலுகை, கீழ இருக்கிறவனுக்கு ஒரு சலுகை கிடையாது."

சற்று முன்புதான் மெக்னீசியத்துக்குக் காபி வேண்டும் என்று சொன்னவர் அவர். கைலாசம் வெங்கடாசலத்தைப் பார்த்தார். தன் இனம் சாவதைப் பற்றி வெங்கடாசலத்துக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

செத்த பொருளைக் குழுவின் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும் என்பது விதி. கைலாசம் கெஞ்சினார், கும்பிட்டார். சுருளைக் கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் வைத்து வீரன் தீ வைத்தார். முதலில் பிடிக்கவில்லை. பிடித்ததும், பட்டப்பகலில் இன்னொரு சூரியன் இறங்கி வந்ததுபோல வெள்ளை வெளேரென்று எரிந்தது. "தண்ணி ஊத்துங்க! தண்ணி!" என்று தீர்த்தகிரி கத்த, வீரன் தள்ளி நின்றே வாளித் தண்ணீரை வீசினார். அது இன்னும் சீறிக்கொண்டு, துள்ளித் தெறித்து எரிந்தது.

"பாருங்க ஐயா, உயிரோட இருக்குது பாருங்க!" என்று கைலாசம் அழாத குறையாகச் சொன்னார்.

"இறந்த பின்னாடி செய்யற வினையெல்லாம் கணக்குல வராது" என்றார் தீர்த்தகிரி, இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு.

வெளிச்சம் அடங்கிய பிறகும் அவருக்குக் கண் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் பச்சையாகவும் ஊதாவாகவும் ஒரு வட்டம் ஆடுகிறது என்றார். வெங்கடாசலத்துக்கும் அதே நிலைமை. அலமாரியில் பேரியம் எண்ணெய்க்குள் அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறக்கக் குழுவுக்குத் தைரியம் வரவில்லை. கால்சியத்துக்குக் கீழே இருப்பது பேரியம், கால்சியமே இவ்வளவு உயிரோடு இருக்கும்போது பேரியம் எப்படிச் சாகும் என்று கேட்டு அதற்கும் உயிர்ச் சான்று கொடுத்தார்கள். ஸ்ட்ரான்ஷியத்தை அந்தப் பள்ளி வாங்கியதே இல்லை. இருந்தாலும் உயிரோடிருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் அது இருப்பதால் அதுவும் உயிரோடுதான் இருக்கிறது என்று முடிவானது. தலைமையாசிரியர் குழந்தைவேல் தீர்த்தகிரியின் விரலைப் பிடித்துத் தாளின் மேல் சரியான இடத்தில் வைத்தார். 'கண்ணால் கண்டு உறுதி செய்யப்பட்டது' என்ற வரியின் கீழே தீர்த்தகிரி கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் கைலாசம் வீரனைப் பிடித்தார்.

"அந்தப் பாட்டில்ல என்ன போட்டீங்க?"

"வெள்ளையடிச்சதுல மீந்த கல்லுங்க சார்" என்றார் வீரன், பெருமையாகவே. "காலிப் பாட்டலை அதிகாரி முன்னால வெக்கறதுங்களா? நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தானுங்களே கேவலம். பெரிய சார்தான் எல்லாத்தையும் ரொப்பி வையுன்னாரு. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. நல்லா பொங்குச்சுங்களா இல்லீங்களா?"

"முன்னாடி இருந்தது எங்கே போச்சு?"

வீரன் தலையைச் சொறிந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோகும் நாட்களில் அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்துக் குழைத்துக்கொண்டாராம். நாலு வருஷமாக. "பெரிய சாரும் கேப்பாருங்க. சயின்ஸ் சுண்ணாம்பு நாக்குல நல்லா உறைக்குதுன்னு சொல்லுவாருங்க."

கைலாசம் இதை வெளியே சொன்னால் வீரனுக்கு வேலை போகும். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. அதற்காகச் சொல்லாமலே இருந்துவிடுவதா என்று ஒருநாள் லீவு போட்டு அஸ்தம்பட்டிக்குப் பஸ் ஏறினார். யார் பெயரையும் சொல்லாமல், பாட்டிலில் இருப்பது கால்சியம் இல்லை என்று மட்டும் சொன்னார். தீர்த்தகிரிக்கு அதற்குள் கண் தெரிந்திருந்தது.

"உயிரோட இருக்குன்னு சான்று குடுத்ததை மறுபடி செத்துப்போச்சுன்னு சொல்லணும்னா, சான்றுக்கு அப்புறம் செத்திருக்கணும். எப்படிச் செத்தது, யார் பொறுப்புன்னு விசாரணை வேணும். விசாரணைக்கு முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிடுவோம். தேர்வுக்குள்ள முடியாது. அடுத்த தேர்வுக்குள்ளயும் முடியாது" என்றார். "நான் சொன்னேனே, என்னை எதுவும் அசைக்காது. போயிட்டு வாங்க."

சொந்தக் காசில் வாங்கலாம் என்று சேலத்துக் கடைகளில் அலைந்தார். பள்ளிக்கூடத்து உத்தரவு இல்லாமல் உலோகக் கால்சியம் தர மாட்டோம் என்றார்கள். உத்தரவுக்குக் குழந்தைவேலிடம் வந்தால் அவர் பழைய இரண்டாம் தாரக் கதையையே சொன்னார். இருக்கிற கொஞ்ச நாளில் தேர்வில் கால்சியம் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிரக் கைலாசத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. படித்த வேதியியலுக்கும் அந்த வேண்டுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று வெட்கமாகத்தான் இருந்தது.

கால்சியம்தான் வந்தது.

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த ஆசிரியர் சாது. பாட்டிலைப் பார்த்தார், சான்றைப் பார்த்தார், போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டியைத் தண்ணீரில் போட்டார்கள். கொட்டகை முழுக்க ஆவி. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் சமர்த்தாகப் புத்தகத்தில் இருந்ததை எழுதிக் கொடுத்தார்கள். ஒருவன், 'டப்' என்ற சத்தம் இரண்டு முறை தெளிவாகக் கேட்டதாக எழுதியிருந்தான்.

பழனியம்மாளின் தாளைத் தேர்வாளர் இரண்டு தடவை படித்தார். பிறகு கைலாசத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கட்டி பிளந்து மாவானது. மிகுந்த சூடு. ஆவி வந்தது. எரியும் குச்சியைக் காட்டினேன், அணைந்தது, சத்தம் வரவில்லை. எனவே ஹைட்ரஜன் இல்லை. பொங்கலுக்கு வீட்டில் சுண்ணாம்பு ஊறப்போடும்போதும் இப்படித்தான் ஆகும். எனவே இது கால்சியம் உலோகம் இல்லை, சுட்ட சுண்ணாம்புக் கல்."

கைலாசம் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்தத் தாளில் பிழையில்லாமல் இருந்தது.

"நெசமாங்க?" என்றார் தேர்வாளர் மெதுவாக.

"நெசந்தானுங்க."

"எனக்கும் மூக்கு இருக்குதுங்க கைலாசம். வெள்ளையடிக்கிற வாசம் எனக்குத் தெரியாதுங்களா? ஆனா இது சரின்னு போட்டா அந்தச் சான்று பொய். சான்று சரின்னா இந்தப் புள்ள பெயிலு. புள்ளயப் பெயில் போடத்தான் எனக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. கவர்மெண்டைப் பெயில் போடறதுக்குக் குடுக்கலீங்க." தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "விடைத்தாள் கட்டை ஒட்ட இன்னும் நேரமிருக்குது. நான் போயி டீ குடிச்சுப்போட்டு வாரேன்."

நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் கைலாசத்தைக் கொன்றது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

பழனியம்மாள் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அப்பன் வெளியே வேப்பமரத்தடியில் மம்பட்டியோடு காத்திருந்தார். வேலைக்குப் போகும் வழியில் மகளைப் பார்க்க நின்றவர்.

"தப்புங்களா சார்?" என்றாள்.

"தப்பில்ல சாமி."

"பொறவு எதுக்குங்க அவரு எந்திரிச்சுப் போறாரு?"

கைலாசம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். புதுத் தாள் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதை உட்டுட்டு இதுல வேற மாதிரி எழுதிக் குடுத்திரு" என்று மட்டும் வந்தது.

அவள் அவரையே பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள், ஏன் என்று கேட்பாள் என்று கைலாசம் எதிர்பார்த்தார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார். அவள் கேட்கவில்லை. ஜன்னல் வழியே ஒருமுறை அப்பனைப் பார்த்தாள். உட்கார்ந்து, புதுத் தாளில் ஓரக்கோடு போட்டாள். 'காண்பன' என்று தலைப்பு எழுதி அடியில் கோடு கிழித்தாள். பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"சரிங்க சார். நான் என்னத்தப் பாத்தேன்னு சொல்லுங்க. எழுதிர்றேன்."

கைலாசம் சொல்ல ஆரம்பித்தார்.